கவுன்சிலர் இல்லாத காலத்தில் எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பெருநகர சென்னை மாநகராட்சியின் ராயபுரம் மண்டலத்தில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய தூய்மைப் பணியாளர்கள், காய்ச்சல் கணக்கெடுப்பாளர்கள், துப்புரவு ஆய்வாளர்கள், செவிலியர்கள், அம்மா உணவகப் பெண்கள், மயான ஊழியர்கள், தன்னார்வலர்கள் ஆகிய அனைவருக்கும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருவின் குடியிருப்போர் நலச் சங்கம் எழுதும் நன்றி மடல்.

வணக்கம்.

2022 பிப்ரவரி 19ஆம் தேதி மாநகராட்சித் தேர்தல் முடிந்து, மார்ச் 2ஆம் தேதி சென்னையின் 200 வார்டுகளுக்கும் மாமன்ற உறுப்பினர்கள் பதவியேற்றுவிட்டார்கள். எங்கள் வார்டுக்கும் ஒரு கவுன்சிலர் கிடைத்திருக்கிறார். சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று மனுக்களும் தயாராகிவிட்டன. அந்த மனுக்கள் போய்ச் சேருவதற்கு முன்பாக இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்தோம். 2016 அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, எந்தக் குறை என்றாலும் போய்க் கதவைத் தட்டுவதற்கு எங்களுக்கு ஒரு கவுன்சிலர் வீடு இருக்கவில்லை. கொரோனாவின் இரண்டு பெரிய அலைகளும் அந்த இடைவெளியில்தான் வந்தன. ஆணையர்கள் கோ. பிரகாஷ், அவருக்குப் பின் ககன்தீப் சிங் பேடி ஆகியோர் ரிப்பன் மாளிகையிலிருந்து நிர்வாகத்தை நடத்தினார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. ஆனால் எங்கள் தெருவைப் பொறுத்தவரை உள்ளாட்சி என்றால் நீங்கள்தான்: காலையில் வண்டியோடு வந்தவர்கள், வாசலில் நின்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டவர்கள், தொலைபேசியில் மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்கள்.

2020 மே மாதத்தில் நகரின் 15 மண்டலங்களிலும் நோயாளிகளின் எண்ணிக்கையில் எங்கள் ராயபுரம் மண்டலமே முதலிடத்தில் இருந்தது. ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள், ஒரு கழிப்பறைக்கு நான்கு குடித்தனங்கள் என்று வாழும் பகுதியில் தனிமனித இடைவெளி என்பதை எப்படிக் கடைப்பிடிப்பது? இது தெரிந்துதான் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க உங்களை அனுப்பினார்கள். எங்கள் தெருவுக்கு வந்த பெண், கல்லூரி முடித்துச் சில மாதங்களே ஆனவர். கையில் ஒரு நோட்டு, நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் வெப்பமானி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். கத்திரி வெயிலில் வெளியே போய் வந்த யாருடைய நெற்றியில் பிடித்தாலும் அந்தக் கருவி காய்ச்சல் என்றே காட்டும் என்பதை இரண்டொரு நாளில் கண்டுகொண்டு, எல்லோரையும் திண்ணை நிழலில் சற்று நேரம் உட்காரச் சொல்லி, பேச்சுக் கொடுத்து, அதன் பிறகே அளவெடுத்தார். அந்தப் பேச்சில்தான் யார் வீட்டில் இருமல், யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்தப் பாட்டி சாப்பிடாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவருடைய நோட்டுக்குள் வந்து சேர்ந்தன. காய்ச்சல் முகாமை எங்கள் தெருமுனையில் எந்தக் கிழமை போடுவது என்று முடிவானதும் அந்த நோட்டை வைத்துத்தான்.

அந்த நாட்களில் சென்னையில் இந்த வேலைக்கு வருவது எளிதாக இருக்கவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சுமந்து சென்ற ஆம்புலன்ஸ் மீது நம் நகரத்திலேயே கல்லெறிந்தார்கள். உடன் சென்ற ஊழியர்கள் காயமடைந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் காலை அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தவர்கள் நீங்கள். தொற்று இருந்த வீடுகளின் குப்பையைத் தனியாக வாங்கிக்கொண்டு போன தூய்மைப் பணியாளர்களை இந்த இடத்தில் முதலில் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட கையுறை ஒரு நாளைக்குத் தாங்காது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஒப்பந்தப் பணியாளர்களாக இருந்த உங்களில் பலருக்கு, விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி கிடையாது என்பதும் எங்களுக்குத் தெரியும். கைதட்டுவதைவிட அந்தக் கூலியைப் பற்றிப் பேசுவதே பொருத்தமான நன்றி என்று கருதுகிறோம். புதிய கவுன்சிலரிடம் நாங்கள் கொடுக்கும் மனுக்களில் அதுவும் ஒன்று.

தொற்று வந்த தெருவைத் தகரம் அடித்து மறித்த ஏற்பாட்டைப் பற்றி எங்களுக்குள் இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஆனால் தகரத்துக்கு உள்ளே இருந்த குடும்பங்களுக்குப் பாலும் காய்கறியும் மாத்திரையும் வாங்கி வந்து கொடுத்த தன்னார்வலர்களை மறக்க முடியாது. மருந்துச் சீட்டைச் செல்பேசியில் படம் பிடித்து வாங்கிக்கொண்டு, எந்த மருந்து கிடைக்கவில்லை என்றாலும் கடைக்காரரையே பேச வைத்து, மாற்று மருந்து வாங்கலாமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகுதான் பணத்தைக் கொடுப்பார்கள். மிச்சச் சில்லறையை ஒரு ரூபாய் குறையாமல் கவரில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் துறைமுகத்தில் சுமை தூக்குவோர், மீன்பாடி வண்டி ஓட்டுவோர், பாத்திரக்கடைகளில் நாள்கூலிக்குப் போவோர் அதிகம். ஊரடங்கு என்றால் வருமானமும் அடங்கிவிடும். 2013இல் தொடங்கியதிலிருந்தே ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய் தயிர் சாதமும் கொடுத்து வந்த அம்மா உணவகம், 2020 ஜூன் 19ஆம் தேதி தொடங்கிய முழு ஊரடங்கில் அந்தக் காசையும் வாங்காமல் சோறு போட்டது. அந்த நாட்களில் வரிசை வழக்கத்தைவிடப் பல மடங்கு நீண்டது. ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரைக்கு முன்னால் முகக்கவசத்தோடு நிற்பது என்னவென்று, அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த நீங்கள் விடியற்காலையிலேயே வந்து அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். பேருந்து ஓடாததால் உங்களில் சிலர் நடந்தே வந்தீர்கள். "இன்னும் ரெண்டு வச்சுக்கப்பா, பகல்ல பசிக்கும்" என்று வரிசையில் நின்ற ஒரு பையனிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். அதே ஊரடங்கில் ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை வீடு தேடி வந்து கொடுத்த நியாயவிலைக் கடை ஊழியர்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றாலும், எங்கள் நன்றியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கபசுரக் குடிநீர் விநியோகித்தவர்களுக்கும் நன்றி. அந்தக் கசப்பைக் கண்டு மாடிக்கு ஓடிய பிள்ளைகளின் சார்பில் நன்றி சொல்ல எங்களுக்கு அதிகாரம் தரப்படவில்லை.

இரண்டாம் அலை வேறு மாதிரி இருந்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாகக் காத்துக்கிடந்த நாட்கள் அவை. படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அப்போது வீட்டுத் தனிமையில் இருந்தவர்களிடம் தொலைபேசியில் பேசி நிலைமையைக் கண்காணித்தவர்களில், மருத்துவப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருந்த மாணவர்களும் இருந்தார்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அச்சகத் தொழிலாளி ஒருவர், ஆக்ஸிஜன் அளவு 94 என்று இரண்டு நாட்களாக ஒரே எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்த மாணவிக்கு அந்த எண்ணின் மேல் நம்பிக்கை வரவில்லை; வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் மூச்சு வாங்குவதைக் காதால் கேட்டுவிட்டு, "ஐயா, மருமகள் கையில் போனைக் கொடுங்கள்" என்று சொல்லி, அப்போதே விரலில் கருவியை மாட்டிப் பார்க்கச் செய்தார். 88 காட்டியது. சற்று நேரத்தில், வாடகைக் காரையே ஆம்புலன்ஸாக மாற்றிய வண்டி ஒன்று, 108 வண்டி நுழைய முடியாத எங்கள் சந்துக்குள் வந்து அவரை ஏற்றிக்கொண்டு பரிசோதனை மையத்துக்குப் போனது. பெரியவர் நலமாக இருக்கிறார். அந்த மாணவியின் பெயர் அவருக்குத் தெரியாது. குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார்.

எல்லோரும் அப்படித் திரும்பவில்லை. மூலக்கொத்தளம் மயானத்திலும் காசிமேட்டிலும் பணியாற்றியவர்களுக்கு என்ன எழுதுவது என்று எங்களுக்குள் நெடுநேரம் பேசினோம். குடும்பத்தில் எல்லோருமே தனிமையில் இருந்ததால், கடைசிக் காரியத்துக்கு ஒருவர்கூட வர முடியாமல் போன வீடு ஒன்று உண்டு. அந்த அம்மாவின் உடலை எரியூட்டுவதற்கு முன் கற்பூரம் ஏற்றியவர் மாநகராட்சி ஊழியர். அதைச் செல்பேசியில் மகனுக்குக் காட்டியவரும் அவர்தான். சாம்பலைப் பெயர் எழுதி எடுத்து வைத்து, மகன் வெளியே வரும் வரை பத்திரப்படுத்தினார். பிறகு அந்த மகன் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பர் 12ஆம் தேதி மாநிலம் முழுவதும் 40,000 இடங்களில் முகாம் போட்டு, 20 லட்சம் என்ற இலக்கைத் தாண்டி 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டது எல்லோரும் அறிந்ததே. அதற்கு முன்பே, படியிறங்க முடியாத முதியவர்களுக்காகக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்குத் தனியாக நன்றி சொல்கிறோம்.

இந்த மடலின் நகல்களை எங்கள் வார்டு அலுவலகத்திலும், சுகாதார நிலையத்திலும், அம்மா உணவகத்திலும் நேரில் கொடுக்கிறோம். ராயபுரத்திலிருந்து வேறு மண்டலங்களுக்கு மாற்றலாகிப் போனவர்கள், ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போனவர்கள், படிப்பு முடிந்து ஊருக்குப் போனவர்கள் பலர். அவர்களை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் தெருவாசிகள்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை
மார்ச் 2022