அந்தக் கீ யாருடையது, கயல்?

அன்புள்ள கயல்,

நான் கேட்டபடி உன் அலுவலகத்தின் மூன்று கணினிகளிலும் விண்டோஸ் உரிமத்தின் நிலையைக் காட்டும் கட்டளையை ஓட்டி, திரையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாய். 'ஆக்டிவேட் ஆகிவிட்டது என்றுதானே காட்டுகிறது, இனி என்ன கவலை?' என்றும் கேட்டிருக்கிறாய். நீ கவனிக்காமல் விட்ட வரி ஒன்று அதே படத்தில் இருக்கிறது. இரண்டு மேசைக் கணினிகளிலும் 'வால்யூம், எம்.ஏ.கே.' என்று வந்திருக்கிறது; ஒரே கீயைப் பல கணினிகளில் போடும் மொத்த உரிமம் என்று அதற்குப் பொருள். விண்டோஸை ஆக்டிவேட் செய்யப் போடும் கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் இரண்டிலும் ஒன்றே. கணினியைப் பொருத்தித் தந்தவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த அந்த 25 எழுத்துகள், ஏதோ ஒரு நிறுவனமோ கல்லூரியோ மொத்தமாக வாங்கிய உரிமத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து கசிந்து, பல கை மாறி ஓசூருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கல்லூரி ஆய்வகத்தில் அப்படிப்பட்ட கீயைப் பொறுப்பில் வைத்திருந்தவள் நான். எம்.ஏ.கே. கீ ஒவ்வொன்றுக்கும் இத்தனை முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்று வரம்பு உண்டு. எங்கே யார் போட்டாலும் மைக்ரோசாஃப்டின் சர்வரில் அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வரும். ஒரு வருடம் புதுக் கணினிகள் வந்து இறங்கின. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வரிசையாக உட்கார்ந்து கீயைப் போடப் போட, வரம்பு தாண்டிவிட்டது என்றே ஒவ்வொரு திரையிலும் செய்தி வந்தது. நாங்கள் நிறுவியது கொஞ்சம். கணக்கில் ஏறியிருந்தது பல மடங்கு. யாரோ வெளியே கொடுத்திருந்தார்கள். கொள்முதல் ஆவணங்களைத் தேடி எடுத்து அனுப்பி, விளக்கம் சொல்லி, புதுக் கீ வாங்கி, பழையதை முடக்கச் சொன்னோம். ஆய்வக உதவியாளர்கள் இரவு வெகுநேரம் வரை வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பழைய கீயை நம்பியிருந்த யாருக்கும் அதன்பின் அது பயன்பட்டிருக்காது.

உன் மேசையில் இருக்கும் கீக்கும் அப்படி ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் விழித்துக்கொள்ளும் நாள் எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உன்னைப் பயமுறுத்துவதற்காகப் பெரிதுபடுத்த மாட்டேன். கீ முடங்கினால் விண்டோஸ் அந்த நொடியே நின்றுவிடாது. வன்தட்டு பழுதாகி மறுபடி நிறுவும்போதுதான் வினை வரும். அது 19-ஆம் தேதியாக இருந்து, மறுநாளைக்குள் உன் வாடிக்கையாளர்களின் மாத ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போயாக வேண்டும் என்றால், வேறு கீ தேடி யாரிடம் போவாய்?

நான் பார்த்ததில் பெரிய பாடம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. அது 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஒரு வால்யூம் கீ வெளியே கசிந்துவிட்டது. எஃப், சி, கே, ஜி, டபிள்யூ என்று தொடங்கும். அந்தப் பதிப்புக்கு ஆக்டிவேஷனே தேவைப்படாததால் உலகம் முழுக்கப் பரவியது. மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட், அந்தக் கீ போட்ட கணினியில் ஏற மறுத்தது. அதோடு நம் மக்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: 'அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோம், நிறுத்தி வை.' இந்தப் பழக்கம்தான் கீயைவிடப் பெரிய கேடு என்று நான் நினைக்கிறேன். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற நிரல் தாக்கியது நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது மே 12 அன்று. இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் கிடைத்தும், அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

மடிக்கணினியை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதில் 'கே.எம்.எஸ். கிளையன்ட்' என்று வருகிறது; இது மொத்த உரிமத்தின் இன்னொரு வகை. அந்த வகைக் கீயை மைக்ரோசாஃப்டே வெளிப்படையாகப் போட்டு வைத்திருக்கிறது, ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் சொந்த சர்வர் ஒன்று பின்னால் இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்த சர்வரும் குறைந்தது 25 கணினிகள் கேட்ட பிறகே ஆக்டிவேட் செய்து தரும். செய்தாலும் 180 நாள்தான் செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொள்ள ஏழு நாளுக்கு ஒருமுறை கணினி சர்வரைத் தேடிப் போகும். மூன்றே கணினி உள்ள உன் அலுவலகத்தில் ஏது அப்படி ஒரு சர்வர்? ஒன்று, முகம் தெரியாத ஒருவரின் சர்வரை உன் கணினி கேட்டுக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால், சர்வர்போல் நடிக்கும் ஒரு கருவியை உள்ளேயே நிறுவியிருக்கிறார்கள். அந்தக் கருவிகளை நிறுவும்போது முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட கருவிகளில் ஒன்றான கே.எம்.எஸ்.பிகோவின் பெயரில் சுற்றிய போலி நிறுவிகளில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் இருந்ததை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் எழுதியது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும் நிரல் அது. உன் பிரவுசரில் யார் யாருடைய ஜிஎஸ்டி, வருமான வரிக் கடவுச்சொற்கள் இருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசி, தாயி. நம்பித் தந்தவர்கள் அவர்கள். கீ எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சட்டமும் சும்மா விடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமம் மீறிய பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. தொழில் நடத்துகிற உனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைக் கேள். மடிக்கணினியை இன்றே இணையத்திலிருந்து துண்டித்துவிடு. கடவுச்சொற்களை உன் கைபேசியிலிருந்து மாற்று, அந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றாதே. வங்கிக் கணக்கு முதலில், பிறகு மின்னஞ்சல், பிறகு வாடிக்கையாளர்களுடையவை. எக்செல், பிடிஎஃப், டேலி தரவுகளை மட்டும் வெளி வன்தட்டில் நகலெடு. நிறுவும் கோப்பு எதையும் எடுத்து வராதே.

அந்த மடிக்கணினியை நீ கடையில் வாங்கியபோதே விண்டோஸ் ஹோம் உரிமத்தோடுதான் வந்தது, பில்லில் இருக்கிறது. அதன் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். 'ப்ரோ பதிப்பு போட்டுத் தருகிறேன்' என்று, கீயை எழுதிக் கொடுத்த அவர் அதை மறைத்துவிட்டார்; நீ காசு கொடுத்த உரிமம் உள்ளே சும்மா கிடக்கிறது. ஹோம் பதிப்பையே சுத்தமாக நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நிறுவுவதற்கான பென் டிரைவை நான் இங்கே நம் வீட்டுக் கணினியில் தயார் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருகிறேன்.

மேசைக் கணினிகள் இரண்டுக்கும் உரிமம் வாங்கத்தான் வேண்டும். டேலி இருப்பதால் விண்டோஸைத் தவிர்க்க முடியாது. எழுத்து வேலைக்கும் சாதாரணக் கணக்குகளுக்கும் லிப்ரே ஆபீஸ் போதும், அதற்குக் காசு வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கீ கிடைக்கிறது என்று யாராவது இணைப்பு அனுப்பினால் திறக்காதே. அவற்றில் பெரும்பாலானவை இதே போன்ற கசிந்த சரக்குதான். பணம் இடித்தால் சொல், ஒன்றுக்கு நான் கொடுக்கிறேன். பில்லை அலுவலகத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கு. உள்ளீட்டு வரி எடுப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அம்மா