73939133-க்கு ஏன் வாரிசு இல்லை

கண்ணு,

நீ அனுப்பிய 73939133-ஐப் பார்த்தேன். வலது பக்கமிருந்து ஒவ்வொரு இலக்கமாக வெட்டிக்கொண்டே வந்தால் 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7 என்று மிஞ்சுவதெல்லாம் பகா எண். இந்த வகையில் மொத்தமே 83, அதில் பெரியது இது. சரி. ஏன் இதோடு நிற்கிறது என்று கேட்டால், "புரோகிராம் போட்டுப் பார்த்துட்டேன், அடுத்தது இல்லப்பா" என்கிறாய். எனக்கு அது பத்தவில்லை. சோமனூரில் மத்தியானம் கரண்ட் போனால் தறியும் நிற்கிறது, பில் புத்தகத்தின் பின்பக்கமும் சும்மாதானே கிடக்கிறது.

வெட்ட வெட்ட ஒவ்வொரு இலக்கமும் ஒரு தடவை கடைசிக்கு வந்துவிடும். அதனால் முதல் இலக்கம் 2, 3, 5, 7-ல் ஒன்று, அப்புறம் 1, 3, 7, 9 மட்டும். இது உனக்கே தெரியும். சுவாரஸ்யம் இனிமேல்தான்.

இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் வகுத்துப் பார். மீதி 2 என்றால், அந்த எண்ணோடு 1 அல்லது 7 சேர்க்க முடியாது. சேர்த்தால் 3-ஆல் வகுபட்டுவிடும். 3, 9 சேர்க்கலாம், ஆனால் மீதி அதே 2. ஆக ஒரு தடவை மீதி 2 வந்துவிட்டால் கடைசிவரை 3-ம் 9-ம்தான்! உன் எண்ணையே எடு. 7, மீதி 1. 3, 9, 3, 9 வந்தும் மீதி 1. பிறகு ஒரு 1, மீதி 2 ஆகிவிட்டது. அப்புறம் 3, 3. அந்த ஒற்றை 1 தற்செயலாக வந்ததில்லை. எட்டு இலக்கத்தில் 23399339, 29399999, 59393339 மூன்றிலும் முதல் இலக்கத்துக்குப் பின் 3, 9 தவிர வேறு இல்லாததற்கும் இதே காரணம். 37337999-ஐ நீயே போட்டுப் பார்.

ஒன்பதாவது இலக்கத்துக்கு இரண்டே வாய்ப்பு, 739391333, 739391339. அந்த உயரத்தில் இப்படிப்பட்ட எண்களில் ஐந்தில் ஒன்றுகூடப் பகா எண்ணாகத் தேறுவதில்லை. ஓர் இலக்கம், இரண்டு இலக்கம் என்று எண்ணிக்கொண்டு போனால் 4, 9, 14, 16 என்று வளர்ந்த கிளைகள், அப்புறம் 15, 12, 8, 5 என்று குறைந்துகொண்டே வந்தது அதனால்தான். இரண்டும் பகு எண்தான் என்பதற்கு மட்டும் உன் புரோகிராமை நம்புகிறேன். காரணியைக் கையால் தேடினால் 27,191 வரைகூடப் போக வேண்டியிருக்கும், அதற்கு இந்த ஊர் கரண்ட் கட் போதாது.

இடது பக்கமிருந்து வெட்டினால் கதையே வேறு. கடைசி இலக்கம் மாறாது, நடுவில் 2, 4, 6, 8 எல்லாம் தாராளமாக வரலாம். பூஜ்யத்தை விட்டுவிட்டால் 4,260 எண்கள், பெரியது 357686312646216567629137, இருபத்து நான்கு இலக்கம். அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, போனில் என்னால் படிக்க முடியவில்லை. டிக்கெட் போட்டாயா என்று அம்மிச்சி தினமும் கேட்கிறார்கள்.

அப்பா