டோக்கியோ நிலையத்தைக் கட்டியது யார்?

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய டோக்கியோ ரயில் நிலையப் படத்தைப் பார்த்தேன். "எழும்பூர் ஸ்டேஷன் மாதிரியே இருக்கும்மா, வெள்ளைக்காரன் கட்டினதா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. 1914இல் திறந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் தட்சுனோ கிங்கோ. ஆனால் அவருக்குக் கட்டடக்கலை சொல்லிக்கொடுத்தவர் ஜோசையா கான்டர் என்ற லண்டன்காரர். அதனால் உன் கேள்வியை முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

1868இல் ஜப்பானில் மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்ததும் ரயில், தந்தி, நாணயச்சாலை, மருத்துவம், சட்டம் என்று எல்லாவற்றுக்கும் வெளிநாட்டாரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். 'ஒயாதோய் கைகோகுஜின்' என்பது அவர்களுக்கு இட்ட பெயர்: கூலிக்கு வைத்த வெளிநாட்டார். சம்பளத்தைக் கேட்டால் மலைத்துப்போவாய். ஒசாகா நாணயச்சாலையை நடத்திய கிண்டருக்கு மாதம் 1,045 யென். அரசின் தலைமைப் பதவியில் இருந்த சான்ஜோ சானெதோமிக்கே 800 யென்தான்! இந்தச் செலவைப் பல ஆண்டு தாங்க முடியாது. ஆகவே ஆளை எடுக்கும்போதே அவருக்குப் பதில் யார் என்ற கணக்கும் ஓடியது.

முதலில் சறுக்கினார்கள். துறைமுகத்தில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவனையெல்லாம் வாத்தியார் ஆக்கியதில் மாலுமிகளும் மதுக்கடைக்காரர்களும் வகுப்புக்குள் வந்துவிட்டார்கள். பிறகுதான் வெளிநாட்டுக்கே போய் ஆள் தேடினார்கள். பொதுப்பணித் துறையில் இருந்த யாமாவோ யோசோ கிளாஸ்கோ கப்பல் பட்டறையில் பகலில் வேலை செய்து இரவு வகுப்பில் படித்தவர். நல்ல ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்று அவருக்குத் தெரியும். கிளாஸ்கோ பேராசிரியர் ராங்கினின் பரிந்துரையில் 1873இல் வந்தவர்தான் ஹென்றி டையர். வயது 24, பதவி டோக்கியோவில் அரசு தொடங்கிய பொறியியல் கல்லூரியின் முதல்வர், சம்பளம் மாதம் 660 யென்.

பாடத்திட்டத்தைக் கப்பலிலேயே எழுதி முடித்தாராம். ஆறு வருஷப் படிப்பு. முதல் இரண்டு வருஷம் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வரைபடம். அடுத்த இரண்டில் ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் களம். கடைசி இரண்டும் முழுக்கக் களம்தான். அதற்கென்று அகாபானேயில் பட்டறையே இருந்தது. இங்கிலாந்தில் படிப்பு ஒரு பக்கம், பட்டறை ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்த காலம் அது. டையருக்கு அதைச் சேர்த்துப் பார்க்க ஜப்பானில்தான் இடம் கிடைத்தது. தந்தி சொல்லிக்கொடுக்க வந்த அயர்ட்டன் அதற்கு முன் நம் நாட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர்.

1879இல் முதல் அணி தேறியது. அதில் 11 பேரை அடுத்த ஆண்டே பிரிட்டனுக்கு மேற்படிப்புக்கு அனுப்பினார்கள். தட்சுனோ அவர்களில் ஒருவர். திரும்பி வந்து, 1884இல் அதே கல்லூரியில் தன் ஆசிரியர் கான்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கான்டர் வந்து ஏழே வருஷம்.

ரயிலிலும் இதே கதைதான். 1872இல் ஷிம்பாஷி–யோகோஹாமா பாதை திறந்தபோது எஞ்சின் ஓட்டியவர்கள் ஆங்கிலேயர்கள். 1879இல் ஜப்பானிய ஓட்டுநர்கள் ஏறினார்கள். 1880இல் கியோட்டோவுக்கும் ஓட்சுவுக்கும் நடுவே ஒசாகாயாமா மலையைக் குடைந்து சுமார் 665 மீட்டர் சுரங்கம் போட்டார்கள். தோண்டியவர்கள் இகுனோ வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்கள், பொறியாளர்கள் முழுக்க உள்ளூர்க்காரர்கள்.

வெளியாள் சொல்லை எடைபோட உள்ளே ஆள் இல்லாத காலத்தில் எடுத்த முடிவுகள்தான் பின்னால் கடித்தன. தண்டவாள அகலம் 1,067 மி.மீ. என்று அப்போது முடிவானது. நம் மீட்டர் கேஜைவிட 67 மி.மீ.தான் கூடுதல். அதிவேக ரயிலுக்கு அது போதாமல், 1964இல் ஷின்கான்சென்னுக்கு 1,435 மி.மீ. அகலத்தில் தனிப் பாதையே போட வேண்டியிருந்தது. 1872 தீவிபத்துக்குப் பிறகு வாட்டர்ஸ் என்ற வெளிநாட்டவரின் திட்டப்படி டோக்கியோவின் கின்சா பகுதியில் எழுப்பிய செங்கல் வீடுகளில் ஈரமும் புழுக்கமும் தாங்காமல் பல வீடுகளுக்குக் குடிவர ஆளில்லை. 1891 நோபி நிலநடுக்கத்தில் புதுச் செங்கல் கட்டடங்கள் சரிந்தன. வெறும் செங்கல் சுவர் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு உலுக்கலைத் தாங்காது. நீ பார்த்த நிலையம் வெளியே செங்கல், உள்ளே எஃகுச் சட்டம். 1923இல் டோக்கியோவே குலுங்கியபோதும் அது நின்றது. மாணவர் ஆசிரியரைத் தாண்டியது இங்கேதான் என்பேன்.

டையர் 1882இல் ஊர் திரும்பிவிட்டார். கான்டர் திரும்பவேயில்லை; 1920இல் டோக்கியோவிலேயே இறந்தார். கோகோகுஜி கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒழிந்தால் போய்ப் பார்த்து ஒரு படம் அனுப்பு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா