பெரிய கோயிலுக்கு 35 நிமிடங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது, வன்னியில் கைக்குக் கை கொடுக்கப்படும் துண்டுப் பிரசுரங்களிலும் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களிலும் 'ஐந்து நாட்களில் பன்னிரண்டு தலங்கள்' என்பது போன்ற தமிழகச் சுற்றுலா அறிவித்தல்கள் பெருகிவிடுகின்றன. சென்ற ஆண்டு அவ்வாறான ஒன்றில், தரம் 9 இல் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தியுடன் நானும் போய் வந்தேன். அதில் தஞ்சாவூருக்கு ஒதுக்கப்பட்ட அரை நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் இவ்வாண்டும் பலர் அதே வழியில் புறப்படுவதற்குப் பணம் கட்டிவிட்டார்கள் என்று அறிகிறேன். எங்களை அழைத்துச் சென்ற முகவரின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அவர் பண்பானவர், விமான நிலையத்தில் முதியவர்களின் பொதிகளைத் தாமே தூக்கி வைத்தவர். இந்தத் தொழிலில் இருப்பவர்களிற் பெரும்பாலானோர் இப்படித்தான் நாளைப் பங்கிடுகிறார்கள் என்பதைப் பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று காலை எட்டு மணிக்குத் திருச்சியிலிருந்து பதினான்கு பேரும் ஒரு வானிற் புறப்பட்டோம். தஞ்சாவூரை அடைந்ததும் வான் நின்ற முதல் இடம் கோயில் அன்று, ஒரு பட்டுச்சேலைக் கடை. எங்களில் மூன்று பேர் மட்டுமே சேலை வாங்கினார்கள். மற்றவர்கள் கொடுத்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டு மெத்தையில் அமர்ந்திருந்தோம். அங்கே 50 நிமிடம் போயிற்று. அடுத்ததாகப் பெரிய கோயிலின் வாசலில் வழிகாட்டி ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். பத்தரைக்கு வான் வாசலில் நிற்கும், பிந்த வேண்டாம் என்று சாரதி சொல்லி அனுப்பினார். 35 நிமிடம். அதற்குப் பிறகு அரண்மனை 20 நிமிடம், தஞ்சாவூர் ஓவியமும் தலையாட்டிப் பொம்மையும் விற்கும் கடை 45 நிமிடம், உடனே கும்பகோணம். கடைகளுக்குக் கொடுத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடத்தான் ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்குக் கிடைத்தது.

நேரம் குறைவு என்பதை மட்டும் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. நல்லபடி பயன்படுத்தினால் 35 நிமிடத்திலும் ஒரு கோயிலைக் காட்டலாம். அந்த நிமிடங்களில் எங்களுக்குச் சொல்லப்பட்டவை என்ன என்பதே என் மனவருத்தம். வழிகாட்டி கணீரென்ற குரல் உடையவர். கேட்பவர்களைச் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர். கருவறைக்கு மேலே எழும் கோபுரமாகிய விமானத்தின் மேற்குப் பக்கமாக எங்களை நிறுத்தி, 216 அடி உயரமுள்ள இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை என்றும், அதுவே சோழர் கட்டடக்கலையின் இரகசியம் என்றும் அவர் சொன்னபோது, எல்லோரும் 'ஆ' என்று அண்ணாந்து பார்த்தார்கள். என் பேத்தி மட்டும் பத்தடி தள்ளி நின்றாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த பாதம் வெயிலிற் சுட்டதால், அவள் நிழலைத் தேடிப் போய் நின்றிருந்தாள். அது விமானத்தின் நிழல். காலை வெயில் கிழக்கிலிருந்து அடிக்க, அது மேற்கே நன்றாக நீண்டு கிடந்தது. அவள் தன் காலைப் பார்த்தாள், பிறகு வழிகாட்டியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நாற்பது வருடத்துக்குக் கிட்ட வரலாறு படிப்பித்த நான் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. சபையில் ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்ற கூச்சம்தான் காரணம்.

உச்சியில் இருப்பது 80 தொன் எடையுள்ள ஒற்றைக் கல் என்று அடுத்ததாகச் சொன்னார். அது ஒற்றைக் கல் அன்று, பல துண்டுகளைப் பொருத்தி அமைத்தது என்பதை அறிஞர்கள் எழுதி எத்தனையோ காலமாயிற்று. நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், முதுகில் ஆணி அடித்து அதை நிறுத்தியதாகவும் ஒரு கதை. அந்த நந்தியோ சோழர் காலத்தது அன்று, நாயக்கர் காலத்தது. கதைகள் சொல்லப்படுவதை நான் வெறுப்பவன் அல்லன். வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றியும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரரைப் பற்றியும் எங்கள் ஊர்களில் வழங்கும் கதைகள் எனக்கு உயிர். ஆனால் அங்கே கதையைக் கதை என்று சொல்லித்தான் சொல்லுவோம்.

கும்பகோணத்தால் திரும்பிய மறுநாள், மற்றவர்கள் திருச்சிக் கடைத்தெருவுக்குப் போக, நானும் பேத்தியும் பஸ் ஏறித் தனியே தஞ்சாவூருக்குப் போனோம். திருச்சியில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் முகாமையாளர், கல்வெட்டு வாசிக்கப் பயின்ற இளைஞர் ஒருவரை அறிமுகப்படுத்தி வைத்தார். முதல் நாளில் வழிகாட்டிக்காக எங்கள் தலைக்கு அறவிட்ட பணத்தின் மொத்தத்தைவிட அந்தப் பிள்ளை கேட்ட தொகை குறைவு. அவர் எங்களை உள்ளே கூட்டிப் போய் அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை. குந்தி இருக்கச் சொன்னார். விமானத்தின் அடித்தளம் முழுவதும் எழுத்து. புள்ளிகள் இல்லை, காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிகின்றன என்ற இரண்டு குறிப்புகளைத் தந்துவிட்டு, கல்லிற் படாமல் விரலை ஓட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கினார்.

'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்று, இந்தக் கோயிலைக் கட்டுவித்த சோழ மன்னன் இராசராசன் இட்ட ஆணை அது. அக்கன் என்பது அவனுடைய தமக்கை குந்தவை. இரண்டாம் முறை அவர் விரலை வைத்தபோது, பேத்தி முந்திக்கொண்டு, "அம்மப்பா, 'அக்கன்' எண்டு எழுதியிருக்கு, என்னால வாசிக்க ஏலுது!" என்று கத்திவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு வடநாட்டுக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. 1010 ஆம் ஆண்டளவில் வெட்டிய எழுத்தைக் கிளிநொச்சிப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். முதல் நாள் 35 நிமிடத்திலும் இந்தச் சுவர்ப் பக்கம் எங்களை யாரும் கூட்டிப் போகவே இல்லை.

அதன் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. தன் 25 ஆம் ஆட்சியாண்டின் 275 ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்கு இராசராசன் கொடுத்த செப்புக்குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. பலமும் கழஞ்சும் அக்கால நிறை அளவுகள். அரைக் கழஞ்சுவரை கணக்கு வைத்தவனுடைய கோயிலில் நிழல் விழாத கதை எதற்கு என்று அந்த இளைஞரே சிரித்துக்கொண்டு கேட்டார். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சனின் பெயர் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்பதும் கல்லில் இருக்கிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிற்பணிப் பெண்கள்) 400 பேரின் பெயரும், ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பதும், ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் (அக்கால முகத்தலளவை) நெல் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு தெருவின் வாக்காளர் இடாப்பைப் பார்ப்பது போல இருந்தது. அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்பதைக் கல்வெட்டுச் சொல்லவில்லை என்று பேத்தி ஒரு கேள்வியைப் போட்டாள். அதற்கு அவரிடமும் என்னிடமும் பதில் இருக்கவில்லை.

வன்னியிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் கேட்டறிய வேண்டிய ஒன்று உண்டு. இந்தக் கோயிலின் வருமானத்துக்காக இராசராசன் எழுதிக்கொடுத்த ஊர்களில் ஈழமண்டலத்து, அதாவது இலங்கையில் அவன் வென்ற பகுதியின், ஊர்களும் அடங்கும். அங்கிருந்து நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் தஞ்சாவூருக்கு வந்து சேர வேண்டும் என்பது கட்டளை. இலுப்பைப்பால் என்பதற்கு இலுப்பை எண்ணெய் என்று பொருள் சொல்லுகிறார்கள். மன்னார்ப் பூநகரி வீதியில் இலுப்பைக்கடவையைக் கடந்து எத்தனை தரம் போயிருப்பேன். நம் நாட்டு இலுப்பை தஞ்சாவூர்க் கோயிலுக்குப் போன செய்தியை அந்த வீதியில் ஒருநாளும் நினைத்ததில்லை. நாங்கள் இலங்கையர் என்று அறிந்ததும், "உங்க ஊர் நெல்லும் இங்க வந்திருக்கு" என்று அந்த இளைஞர் பெருமையாகச் சொன்னார். நான் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவன். வென்றவன் வீட்டுக்கு ஏற்றப்பட்ட நெல்லைப் பற்றி எனக்கு முழுப் பெருமை வரவில்லை, முழுக் கோபமும் வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி எங்களைத் தொடுகிற செய்தி. பார்வையாளராக வந்தவர்களைக் கணக்கில் வருகிறவர்களாக மாற்றிவிடுகிற செய்தி. மன்னாருக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமாகிய மாதோட்டத்திலும் தாழி குமரன் என்ற சோழநாட்டு அதிகாரி இராசராசேச்சரம் என்ற பெயரிலேயே ஒரு கோயிலைக் கட்டினான் என்பதையும், அதைச் சொல்லும் கல்வெட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது என்பதையும் நான் பதிலுக்கு அவருக்குச் சொன்னேன். அவர் அதைக் கைப்பேசியிற் குறித்துக்கொண்டார்.

அரண்மனையைப் பற்றி அதிகம் எழுத இடமில்லை. முதல் நாள் அங்கே கண்டது படிக்கட்டுகளை மட்டுந்தான். இரண்டாம் முறை கலைக்கூடத்தில், திருவெண்காட்டிலிருந்து வந்த, 1011 ஆம் ஆண்டைச் சேர்ந்த இடபவாகனரின் (எருதிற் சாய்ந்து நிற்கும் சிவனின்) செப்புத்திருமேனி முன்னால் நெடுநேரம் நின்றோம். சாய்ந்து நிற்க எருது இல்லை. எருதின்மேல் ஊன்றியிருந்த கை காற்றில் அப்படியே கிடக்கிறது. சரசுவதி மகால் நூலகத்தைப் பேணி வளர்த்த இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை), கண்நோயாளிகளின் கண்களைப் படமாக வரைவித்து, நோய்க்குறிப்பும் எழுதி வைத்தவர். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எனக்கு அது தனியான ஒரு மரியாதையை உண்டாக்கிற்று.

இவ்விடத்தில் ஒரு சொந்தச் செய்தியைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 1990 இல் மன்னாரிலிருந்து படகேறிப் போன என் தமக்கை, திருச்சிக்கு அருகே ஒரு முகாமில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தா. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு உள்ளே இருந்த இந்தக் கோயிலை அவ ஒருமுறையேனும் பார்த்ததில்லை. பதிவு, அனுமதி, கூலிவேலை என்று அந்த ஆண்டுகள் கழிந்தன. இப்போது எங்கள் சனம் கையிற் கடவுச்சீட்டோடு, பட்ட கடனை அடைத்தும் அடைக்காமலும், வாழ்நாளில் ஒருமுறை என்று போகிறது. அப்படிப் போகிறவர்களைச் சேலைக் கடை மெத்தையில் உட்கார்த்தி வைப்பது தகாது.

ஆகவே சுற்றுலா நடத்துபவர்களிடம் பணிவாகச் சிலவற்றைக் கேட்கிறேன். விளம்பரத்தில் தலங்களின் எண்ணிக்கையைப் போடுவதோடு, எந்த இடத்தில் எத்தனை மணித்தியாலம், கடைகளில் எத்தனை நிமிடம் என்பதையும் அச்சிடுங்கள். கடையிலிருந்து தரகு கிடைக்கிறது என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தொகையைக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேருங்கள், பெரும்பாலானோர் தருவார்கள். பன்னிரண்டு தலங்களை ஆறாகக் குறைத்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். தஞ்சாவூருக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். அவ்வாறானவர்கள் அங்கே இருக்கிறார்கள், தேடினாற் கிடைப்பார்கள். நடை சாத்தும் நேரத்தையும் கவனிக்க வேண்டும்: நண்பகல் 12.30 அளவிற் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மூலத்தானம் திறக்கிறது. கடைக்குப் போவதாயின் அந்த இடைவெளியிற் போகலாமே. காலைக் குளிர்ச்சியை ஏன் கடைக்குக் கொடுக்க வேண்டும்? முற்றத்துக் கல் பதினொரு மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. முதியவர்கள் தடித்த காலுறை ஒரு சோடி கொண்டுபோவது நல்லது. நான் கொண்டுபோகாமல் அவதிப்பட்டேன்.

பயணம் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வழிகாட்டி நிழலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், அவருடைய மனம் நோகாமல், "தம்பி, ஈழமண்டலத்து நெல்லைப் பற்றி எழுதியிருக்கிற கல்வெட்டு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அடுத்த முறை தெரிந்துகொண்டு வருவார். கேட்பார் இல்லாதபடியாற்றான் கதை நிலைக்கிறது.

அந்த இலுப்பைப்பால் வரியை நாங்களும் கல்லில் நேரே காணவில்லை. இளைஞர் அதை அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியிலிருந்து கைப்பேசியில் வாசித்துக் காட்டிவிட்டு, கல்லைக் காட்டுவதற்காக எழுந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. இரண்டு அடி வைத்ததும் பேத்தி துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடி வந்தாள். வரும் தை மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன் காலை ஏழு மணிக்கே போய் நின்று அதைத் தேடிப் பார்ப்பதென்று அவள் முடிவு செய்திருக்கிறாள். இம்முறை முகவர் வேண்டாமாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கிளிநொச்சி.