என் நோட்டில் உன் பெயருக்கு நேரே எழுதியிருந்தது

தம்பி ப்ராக் பர்டிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது, வந்தாலும் உனக்குத் தமிழ் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். போன வாரம் அலமாரியை ஒழித்தபோது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அமெரிக்கன் ஃபுட்பாலின் 2022 டிராஃப்டுக்கு இரண்டு வாரம் முன்னால் குவாட்டர்பேக்குகளைப் பற்றி நானாக எழுதிவைத்த குறிப்புகள். எனக்கு இது தொழில் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை, சனிக்கிழமைதோறும் கல்லூரி ஆட்டம் பார்க்கிறவனுக்கு வருகிற ஒரு வியாதி, அவ்வளவுதான். உன் பெயருக்கு நேரே இப்படி இருந்தது: "நல்ல பையன். நிறைய ஆடிவிட்டான். இதற்கு மேல் வளர இடமில்லை. ஏழாவது சுற்று, இல்லாவிட்டால் அதுவும் கிடையாது."

ஏழாவது சுற்று என்று எழுதியதில் தப்பில்லை. லாஸ் வேகஸில் நடந்த அந்த டிராஃப்டில் நீ ஏழாவது சுற்றில்தான் போனாய், அதுவும் 262-வது ஆளாக, கடைசிப் பெயராக. உனக்கு முன்னால் எட்டு குவாட்டர்பேக்குகளை எடுத்துவிட்டார்கள். நீயோ பிறகு அணியின் தொடக்க குவாட்டர்பேக் ஆகி, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனாய். அதனால் என்னை உறுத்துவது அந்த மூன்றாவது வாக்கியம்.

(படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டரை, மூன்று வினாடிக்குள் முடிவெடுக்கிறவன் குவாட்டர்பேக். கல்லூரியில் ஆடியவர்களை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் 32-ம் வருஷா வருஷம் வரிசை போட்டு எடுக்கும் சடங்குதான் டிராஃப்ட், மொத்தம் ஏழு சுற்று. கடைசி ஆளுக்கு "மிஸ்டர் இர்ரெலவன்ட்" என்று பட்டம் கட்டுவார்கள், பொருட்படுத்தத் தேவையில்லாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1976-லிருந்து இந்தக் கூத்து. பந்தைக் கைநழுவ விடுகிற ஆட்டக்காரன் உருவத்தில் ஒரு கோப்பையும் கொடுப்பார்கள்.)

சரி, நம் கதைக்கு வருவோம். உன்னை நான் முதன்முதலில் பார்த்தது 2018 அக்டோபரில். உன் பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட், ஓக்லஹோமா ஸ்டேட் ஊருக்குப் போய் ஆடிய ஆட்டம். பெஞ்சிலிருந்து இறங்கிய முதல் வருஷப் பையன், யார் இவன் என்று பெயரைத் தேடுவதற்குள் ஆட்டம் 48-42 என்று உன் பக்கம் முடிந்திருந்தது. அன்றைக்கு நோட்டில் உன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அதிலிருந்து நாலு வருஷம். 46 ஆட்டத்தில் நீதான் தொடக்க குவாட்டர்பேக். 12,170 யார்டு எறிந்தாய், 81 டச் டவுன், 33 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). ஏம்ஸ் என்ற சின்ன ஊரில், கோப்பை கோப்பையாக ஜெயித்த பழக்கமே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு, 2020 சீசனில் ஓரிகனை 34-17 என்று அடித்து, சீசன் முடிவில் நடக்கும் பெரிய கல்லூரி ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா பௌல் வாங்கிக் கொடுத்தாய்.

இவ்வளவும் தெரிந்துதான் அந்த வாக்கியத்தை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று யோசித்தால் ஒரு பழமொழிதான் நினைவுக்கு வருகிறது: பழகப் பழகப் பாலும் புளிக்கும்.

நாலு வருஷமும் பார்த்தோம் இல்லையா, உன் குறை எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். 2020-ல் உங்கள் கல்லூரிக் குழுவான பிக் 12-ன் இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமாவிடம் மூன்று இன்டர்செப்ஷன், ஆறு புள்ளியில் தோல்வி. 2021 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் அயோவா பல்கலைக்கழகத்துடன் மறுபடி மூன்று, பாதியில் உன்னை உட்கார வைத்துவிட்டு வேறு பையனை இறக்கினார்கள். அந்த வருஷம் முதல் பத்து இடத்துக்குள் தொடங்கிய அணி ஏழு வெற்றி, ஆறு தோல்வி என்று முடித்தது. கல்லூரி முடித்தவர்களை அளந்து பார்க்கிற கம்பைனில் உயரம் 6 அடிக்கு மேல் அரை அங்குலம் சொச்சம், எடை 212 பவுண்டு, கை நீளம் 29 அங்குலம், 40 யார்டு ஓட்டம் 4.84 வினாடி. ஒன்றுகூடப் பொய்யில்லை. அணிகளுக்காக ஆட்டக்காரர்களை எடைபோடுகிற ஸ்கவுட்டுகள் முட்டாள்கள் என்று பின்னால் எழுதியவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததும் இதனால்தான். அளந்ததெல்லாம் சரியாகத்தான் அளந்தார்கள். எதற்கு எவ்வளவு எடை போடுவது என்பதில்தான் கோளாறு, அந்தக் கோளாறு எனக்கும் இருந்தது.

உன்னை எடுத்த அதே சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ், அதற்கு முந்தைய வருஷம் என்ன செய்தது என்று பார். 2021-ல் மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காக முதல் சுற்று வாய்ப்புகள் மூன்றையும் ஒரு மூன்றாவது சுற்றையும் தூக்கிக் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தார்கள். அவர் நார்த் டகோட்டா ஸ்டேட்டில் தொடக்க ஆட்டக்காரராக ஆடியது 17 ஆட்டம், கொரோனா வருஷமான 2020-ல் ஒரே ஒரு ஆட்டம். உடம்பு, வேகம், கை பலம் எல்லாம் பார்த்தவுடன் கண்ணில் நிற்கும். என் நோட்டில் அவருக்கு முக்கால் பக்கம் எழுதியிருக்கிறேன், பாதி வாக்கியம் "ஆகலாம்", "வரலாம்", "முடியலாம்" என்றுதான் முடிகிறது. பார்க்காத இடத்தையெல்லாம் என் ஆசையால் நிரப்பியிருக்கிறேன். உன் விஷயத்தில் நிரப்ப இடமே இல்லை, 46 ஆட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. தெரியாதது நம்பிக்கை ஆகிவிட்டது, தெரிந்தது குறை ஆகிவிட்டது. (லான்ஸைக் குற்றம் சொல்லவில்லை. 2022-ல் இரண்டாவது வாரமே கணுக்கால் உடைந்தால் யார்தான் என்ன செய்வார்?)

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. முதல் சுற்றில் ஒரு குவாட்டர்பேக்கை எடுக்கும்போது கேட்கிற கேள்வியும் ஏழாவது சுற்றில் கேட்கிற கேள்வியும் ஒன்றா? முதல் சுற்று என்றால் பத்து வருஷத்துக்கு அணியே அவன் தோளில். அங்கே உயரம், கை பலம், எவ்வளவு தூரம் வளர்வான் என்று பார்ப்பது நியாயம்தான். ஏழாவது சுற்றில் வாங்குவது மூன்றாவது குவாட்டர்பேக்கை. 2023-ல் உன் சம்பளம் 8,70,000 டாலர், அந்த உலகத்தில் அது சில்லறை, நீயே ஒரு அறைத் தோழனோடு வீட்டைப் பங்குபோட்டு இருந்தாய். அந்த விலைக்கு வாங்குகிறவன் கேட்க வேண்டியது: முன்னால் நிற்கிற இரண்டு பேரும் விழுந்தால் இவன் இறங்கிப் பதறாமல் ஆடுவானா? சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை நினைவில் வைப்பானா? பந்தை நேரத்துக்கு விடுவானா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உன் 46 ஆட்டத்தில் பதில் கிடந்தது. முதல் சுற்றுத் தராசை எடுத்துக்கொண்டு போய்க் கடைசிச் சுற்றுச் சரக்கை நிறுத்தோம் நாங்கள்.

உன் கை பலத்தைப் பற்றி "சுமார்" என்று எழுதியிருந்தேன். இப்போதும் அதை மாற்ற மாட்டேன். மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரக் கோட்டுக்குச் சீறிக்கொண்டு போகிற எறி உன்னிடம் அவ்வளவாக இல்லை. ஆனால் கை பலம் குறைந்தவன் பிழைக்க ஒரு வழி இருக்கிறது, பந்தைச் சீக்கிரம் விடுவது. பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவன் வரப்போகிற காலி இடத்துக்கு எறிந்துவிடுவது. கல்லூரி ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீ அப்போதே அதைச் செய்துகொண்டிருந்தாய், நடு மைதானத்தில், லைன்பேக்கர்கள் என்ற நடுத் தடுப்பாளர்களின் தலைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து யார்டில். சில சமயம் அது தப்பிப் போய் இன்டர்செப்ஷன் ஆகும். நாங்கள் அந்தத் தப்பியதை எண்ணினோம், எறிந்த நேரத்தைக் கவனிக்கவில்லை.

அப்புறம் நீ போய்ச் சேர்ந்த இடம். 49ஏர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷானஹானின் ஆட்டமே நடு மைதானத்தில்தான் நடக்கும். ஓடுவது போலப் பாவனை காட்டி லைன்பேக்கர்களை இரண்டு அடி முன்னால் இழுத்துவிட்டு, அவர்கள் விட்டுப்போன இடத்தில் பந்தைப் போடச் சொல்வார். அதற்குப் பீரங்கிக் கை வேண்டாம், கடிகாரம் வேண்டும். பந்தை வாங்கி ஓடப் பக்கத்தில் கிட்டில், டீபோ சாமுவேல், ஐயுக், 2022 அக்டோபரில் வந்து சேர்ந்த மெக்காஃப்ரி. வேறு ஏதாவது அணி உன்னை 261-வதாக எடுத்திருந்தால்? நினைத்துப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு பயிற்சி முகாமில் உன் கதை முடிந்திருக்கவும் கூடும், என் மூன்றாவது வாக்கியம் தீர்க்கதரிசனம் போல நோட்டில் மின்னிக்கொண்டிருந்திருக்கும்.

நீ இறங்கிய கதை எல்லாருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பர் 4, மியாமியுடன் ஆடும்போது, லான்ஸ் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த கரோப்பலோவின் பாதம் உடைந்தது, நீ வந்தாய், ஜெயித்தாய். அடுத்த வாரம் உன் முதல் தொடக்க ஆட்டம், எதிரே எல்லாக் காலத்துக்கும் பெரிய குவாட்டர்பேக் என்று பலர் சொல்லும் டாம் பிராடி. அவரும் கடைசிச் சுற்றுகளின் ஆள், 2000-ல் 199-வதாகப் போனவர், அப்போது நீ நாலு மாதக் கைக்குழந்தை. 35-7 என்று ஜெயித்தாய். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோற்கவே இல்லை, ஜனவரி 29-ல் ஃபிலடெல்ஃபியாவில் முழங்கைத் தசைநார் கிழியும் வரை.

பிராடி என்றதும் ஒரு விஷயம். அவர் சான் மட்டேயோவில் பிறந்து 49ஏர்ஸ் ஆட்டம் பார்த்து வளர்ந்த பையன். 2000-ல் அந்த அணிக்குக் குவாட்டர்பேக் தேவைப்பட்டது, மூன்றாவது சுற்றில் ஜியோவானி கார்மாஸி என்பவரை எடுத்தார்கள். அவர் ஒரு சீசன் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை விட்ட அணி, 22 வருஷம் கழித்து யாரும் வேண்டாம் என்ற பையனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் உன் கதையை வைத்துக்கொண்டு ஏழாவது சுற்றில் எல்லாம் தங்கம் கிடக்கிறது என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. உனக்கு 15 இடம் முன்னால், அதே சுற்றில், ஸ்கைலர் தாம்ப்சனை மியாமி எடுத்தது. அவரும் நீ செய்ததைப் போலவே மூன்றாம் ஆளாக இருந்து 2023 ஜனவரியில் பஃபலோவில் ப்ளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட்) ஆட்டம் தொடங்கினார், மூன்றே புள்ளியில் தோற்றார்கள். அவரைப் பற்றி இன்று யாரும் கடிதம் எழுதுவதில்லை. முதல் சுற்றில் அந்த வருஷம் போன ஒரே குவாட்டர்பேக் கென்னி பிக்கெட், இரண்டு சீசன் முடிந்ததும் பிட்ஸ்பர்க் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டது.

உன்னைப் பற்றிய சண்டையும் ஓய்ந்தபாடில்லை. 2023-ல் 4,280 யார்டு, உங்கள் அணிச் சரித்திரத்திலேயே ஒரு சீசனில் அதிகம், எறிதலின் தரத்தை அளக்கும் பாஸர் ரேட்டிங்கும் லீகிலேயே உயர்ந்தது, 113. அந்த சீசன் முடிவில், 2024 பிப்ரவரியில், உன் பெயரைக் கடைசியாக வாசித்த அதே லாஸ் வேகஸில் சூப்பர் பௌல், கூடுதல் நேரத்தில் கான்சாஸ் சிட்டியிடம் 25-22 என்று தோல்வி. அதற்குப் பிறகும் "சிஸ்டம் குவாட்டர்பேக்" என்றார்கள், அதாவது பயிற்சியாளரின் திட்டம்தான் ஆடுகிறது, நீ இல்லை என்று. 2024-ல் பாதி அணி காயத்தில் படுத்து ஆறு வெற்றி, பதினொரு தோல்வி என்று போனபோது அந்தச் சத்தம் இன்னும் கூடியது. 2025 மே மாதம் ஐந்து வருஷத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாய். இனிமேல் உன்னை நிறுப்பது முதல் சுற்றுத் தராசில்தான், அது நியாயமும்கூட, அந்த விலைக்கு வாங்கினால் அப்படித்தான் கேட்பார்கள்.

நோட்டில் அந்த மூன்றாவது வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. இந்த வருஷப் பட்டியலில் கடைசிச் சுற்றுப் பையன்களுக்கு முதல் கட்டத்தில் எத்தனை ஆட்டம் தொடங்கினான் என்று எழுதுகிறேன், உயரத்தைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டேன். மற்றபடி உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, 2021-ல் அயோவாவுக்கு எதிராக எறிந்த அந்த மூன்றைத் தவிர.

இப்படிக்கு,
உன்னை ஏழாவது சுற்றில் போட்ட ஒருவன்