பிரியாரில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்

கோடைக்காலத்தில் பாரிஸிலிருந்து லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். அப்படிப்பட்ட ஒரு பேருந்தில் நானும் வந்திருக்கிறேன். லுவார் கரையிலுள்ள பிரியார் என்ற ஊரில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். "இது ஈஃபிள் கட்டின இரும்புப் பாலம்" என்றார் வழிகாட்டி. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டோம்.

அந்த ஒரு வரியிலேயே பிழை. ஈஃபிளின் நிறுவனம் கட்டியது கீழே இருக்கிற கல்வேலையை. மேலே தண்ணீரைத் தாங்கும் எஃகுத் தொட்டியைச் செய்தவர்கள் டேடே, பியே என்ற வேறு நிறுவனத்தார். திட்டம் போட்டவர் மஸ்வாயே என்ற பொறியாளர். பாவம், அவர் பெயரை யார் சொல்கிறார்கள்!

சரி, ஆற்றுக்கு மேலே எதற்கு ஒரு தொட்டிப்பாலம், அதாவது படகுகள் போகும் கால்வாயையே தொட்டியில் தாங்கி நிற்கிற பாலம்? லுவார் கோடையில் மணல்திட்டுகளுக்கு நடுவே வாய்க்கால் போலக் கிடக்கும். வெள்ளம் வந்தால் கரைகொள்ளாது. அதைச் செய்ன் ஆற்றோடு இணைக்க பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி காலத்தில், 1604-ல், பிரியார் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். 1610-ல் ராஜா குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த வருடமே வேலை நின்றது. முடிந்தது 1642-ல். நடுவிலுள்ள மேட்டைக் கடக்க ரொன்யி என்ற ஊரில் படிக்கட்டு மாதிரி ஏழு மதகுகள்: நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் அடைப்புகள். 1838-ல் லுவாரை ஒட்டியே இன்னொரு கால்வாய் வந்தது. வந்தது எதிர்க்கரையில்! சரக்குப் படகுகள் ஆற்றில் இறங்கி, குறுக்கே கடந்து, இந்தக் கரையில் ஏறவேண்டும். ஆறு வற்றினாலும் சிக்கல், பெருகினாலும் சிக்கல். 1896-ல் தொட்டிப்பாலம் திறந்த பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது.

பாலத்தின் நீளம் சுமார் 662 மீட்டர். பத்து நிமிட நடை. தொட்டியின் அகலம் 6 மீட்டர், சரக்குப் படகின் அகலம் 5 மீட்டர். படகு வரும்போது ஓரப் பாதையில் நின்று பாருங்கள்: கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, சத்தமில்லாமல் நகரும். கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம், கீழே, லுவார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பொத்தான் கதை. 1851-ல் பாப்தரோஸ் என்பவர் இங்கே ஆலை வாங்கி, இயந்திரத்தில் பீங்கான் பொத்தான்களைச் செய்து குவித்தார். பிறகு அதே ஆலை மொசைக் சில்லுகளுக்குப் பேர்போனது. ஊர்த் தேவாலயத்துக்குள் போனால் தரையைக் குனிந்து பாருங்கள். 1940 ஜூனில் பக்கத்து மாளிகைக்குப் போர் ஆலோசனைக்காகச் சர்ச்சில் வந்த கதையைப் பேருந்திலேயே சொல்லிவிடலாம்.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் பிரிக்கிற சாப்பாட்டுப் பொட்டலத்தை இந்தக் கால்வாய்க் கரையில் பிரித்தால் ஆயிற்று.

இப்படிக்கு,
கடைசி வரிசை ஜன்னலோரப் பயணி