அத்லான் எக்ஸ்பி கணினிக்கு வழிகாட்டிய நண்பருக்கு

நிரல்களைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் சோதனைத் தொகுப்பு, பழைய அத்லான் எக்ஸ்பி சிபியு உள்ள எங்கள் கணினியில் ஓடும்போது நூற்றுக்கணக்கான சோதனைகளில் விழுந்தது. எல்லாம் ஒரே கோளாறு என்றே தேடிக்கொண்டிருந்தோம். கேட்காமலேயே வந்து, "முதலில் சிக்னல் எண்ணைப் பிரித்துப் பாருங்கள்" (நிரல் எதனால் விழுந்தது என்று கணினி சொல்லும் எண்) என்றீர்களே, அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

சிபியுவுக்குத் தெரியாத கட்டளை என்று பொருள்படும் சிக்னல் 4 எப்போதும் அதே சோதனைகளில், மாறிலிகளைக் கணக்கிடும் இடத்தில் வந்தது. பிழை தேடும் கருவியான ஜிடிபியில் விழுந்த இடத்தைத் திறந்தால், எஸ்எஸ்இ2 என்ற பிந்தைய தொகுதியின் கட்டளை. அத்லான் எக்ஸ்பிக்கு அதற்கு முந்தைய எஸ்எஸ்இ வரைதான் தெரியும். கம்பைலர் பெரிய எண்களைக் கணக்கிடப் பயன்படுத்தும் ஜிஎம்பி நூலகம், தான் உருவாகும் கணினியின் சிபியுவைப் பார்த்துக் கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கும். புதிய கணினியில் உருவாக்கியதை இங்கே நகலெடுத்ததே தவறு. நீங்கள் சொன்னபடி, பல வகைச் சிபியுக்களுக்கும் பொருந்தும்படி உருவாக்கும் 'எனேபிள்-ஃபேட்' தேர்வைக் கொடுத்து மறுபடி உருவாக்கியதும் அவை அத்தனையும் தேறின.

நினைவகத்தைத் தவறாகத் தொட்டதைக் குறிக்கும் சிக்னல் 11 வேறு கதை. ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில் விழும்; அதே கோப்பைத் திரும்பக் கொடுத்தால் தேறிவிடும். மென்பொருள் பிழை பொதுவாக இப்படி இடம் மாறாது, ராம்தான் என்றீர்கள். அதோடு விடாமல், உங்கள் பழைய கணினியிலும் முழுத் தொகுப்பையும் ஓட்டி, அங்கே சிக்னல் 11 வரவில்லை என்று பதிவையும் அனுப்பினீர்கள். அந்த மெதுவான கணினியில் அது எத்தனை மணி நேர வேலை என்று தெரியும்! ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ எங்கள் கணினியில் இரவு முழுக்க ஓடியது. ராம் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பழுது.

உங்கள் பெயர்கூடத் தெரியாது. இது உங்கள் கண்ணில் பட வேண்டும். மனமார்ந்த நன்றி, நண்பரே.